‘டிப்ளோமா மில்’ என்பதற்குத் தமிழில் ‘விலைப்பட்ட நிறுவனம்’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எதையும் கற்பிக்காமல் பணத்துக்குப் பட்டம் விற்கும் நிறுவனத்தை ஆங்கிலத்தில் ‘டிப்ளோமா மில்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு ‘பட்டய ஆலை’, ‘பட்டக்கடை’, ‘போலிப் பல்கலைக்கழகம்’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. கிளிநொச்சியில் வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கும் இளைஞர்களின் ஆவணங்களைப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் என் காரணங்களை எழுதுகிறேன்.

‘பட்டய ஆலை’ சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. வன்னியில் மில் என்றால் நெல்லு மில்தான். நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டினால்தான் அங்கே அரிசி வரும். உழைப்பின் பயனைத் தரும் ஓரிடத்தின் பெயரை, படிப்பே நடக்காத இடத்துக்குச் சூட்டுவது பொருந்தாது. ‘பட்டயம்’ தமிழ்நாட்டு வழக்கு. நாங்கள் டிப்ளோமா என்றே எழுதுகிறோம். மேலும், இந்நிறுவனங்கள் டிப்ளோமாவோடு நிற்பதில்லை. இளமாணி முதல் கலாநிதி வரை எல்லாவற்றையும் விற்கின்றன. ‘பட்டக்கடை’ என்றால் தை மாதத்தில் பட்டம் ஏற்றும் பிள்ளைகள் வேறொன்றைத்தான் நினைப்பார்கள்.

‘போலிப் பல்கலைக்கழகம்’ என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போலி என்ற ஒரே சொல்லை நாம் மூன்று வேறு நிலைமைகளுக்குப் பயன்படுத்தி வருகிறோம். உண்மையான பல்கலைக்கழகம் ஒன்றின் சான்றிதழைக் களவாக அச்சடிப்பது ஒன்று. அதற்குக் கள்ளச் சான்றிதழ் என்ற பெயர் போதும். உண்மையாகவே வகுப்பு நடத்தியும் அங்கீகாரம் பெறாதிருக்கும் நிறுவனம் இரண்டாவது. எதையும் கற்பிக்காமல், தன் பெயரிலேயே பட்டங்களை விற்பதற்காக மட்டும் நடக்கும் நிறுவனம் மூன்றாவது. நாம் பெயர் தேடுவது இதற்குத்தான். 2015 மே மாதத்தில் நியூயோர்க் ரைம்ஸ் வெளிக்கொணர்ந்த கராச்சியின் அக்ஸாக்ட் நிறுவனம் இவ்வகையைச் சேர்ந்தது. அதனோடு தொடர்புடையவையாகக் குறைந்தது 370 இணையத்தளங்களை அப்பத்திரிகை இனங்கண்டது. அவற்றுள் பல்கலைக்கழகங்களின் பெயரில் இயங்கியவை மட்டுமன்றி, அப்பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் வழங்குவதாகக் காட்டிக்கொண்ட அமைப்புகளின் தளங்களும் இருந்தன. 2004 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா சட்டமா அதிபர், ஒரு பூனையின் பெயரில் விண்ணப்பித்து வணிக நிர்வாக முதுமாணிப் பட்டம் பெறப்பட்டதைச் சான்றாகக் காட்டி இத்தகைய நிறுவனமொன்றின் மீது வழக்குத் தொடுத்தார்.

இந்த மூன்றையும் ஒரே பெயரால் சுட்டும்போது அடிபடுவது வெளிவாரியாகவும் தொலைக்கல்வி வழியாகவும் நேர்மையாகப் படிப்பவர்கள். போர்க்காலத்தில் படிப்பு அறுந்து, பிறகு வேலை செய்துகொண்டே பட்டத்தை முடித்தவர்கள் வன்னியில் பலர். அவர்களுக்கு அருகில் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கவில்லை; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 இல்தான். ‘ஒன்லைனில் எடுத்த பட்டமா?’ என்று நேர்முகத் தேர்வில் முகம் சுளிப்பவரிடம் இவர்கள் ஒவ்வொரு முறையும் தம்மை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எனவே நம் சொல், கற்பித்த முறையைத் தொடாமல் விற்பனையை மட்டும் சுட்ட வேண்டும்.

அண்மையில் ஒருவர் கொண்டுவந்த சான்றிதழ் என் கண்ணை விட்டு அகலவில்லை. தடித்த தாள், பொன்னிற முத்திரை, கீழே இலத்தீன் வரி ஒன்று. கூடவே பாடவாரியான பெறுபேற்றுத் தாள். வட்ஸ்அப்பில் தன் வேலை அனுபவத்தை எழுதி அனுப்பியதும், ‘வாழ்க்கை அனுபவத்துக்கு’ப் பட்டம் தருகிறோம் என்றார்களாம். அவர் 2007 முதல் 2010 வரை முழுநேரம் படித்ததாக அதில் இருந்தது. 2009 இல் அவர் போரால் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தவர். அந்த ஆண்டுகளுக்குத் தாங்களே ஒரு படிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. விற்றவர்களுக்கு அந்தப் பெயர் தகும்.

ஆகவே என் முன்மொழிவு: இத்தகைய பட்டத்துக்கு ‘விலைப்பட்டம்’, அதை விற்கும் அமைப்புக்கு ‘விலைப்பட்ட நிறுவனம்’. வெளிவாரிப் பட்டம், கௌரவப் பட்டம் என்று ஏற்கெனவே வழங்கும் சொற்களின் வரிசையில் இது இயல்பாக அமர்கிறது. காற்றில் ஏற்றும் பட்டத்தோடு குழம்பவும் இடமில்லை. தனியார் நிறுவனங்களும் பணம் வாங்குகின்றனவே, அவற்றையும் இச்சொல் இழுத்துவிடாதா என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். இழுக்காது என்றே கருதுகிறேன். கற்பிப்பதற்கு வாங்குவதைத் தமிழில் கட்டணம் என்கிறோம். பொருளுக்குக் கொடுப்பதையே விலை என்கிறோம். கற்பித்தல் இல்லாத இடத்தில் கட்டணம் என்ற சொல்லே எழாது.

அங்கீகாரம் வழங்குவதாக நடிக்கும் அமைப்புகளுக்கு ‘போலி அங்கீகார அமைப்பு’ என்பதே போதும். அங்கே போலி என்ற அடை சரியாகப் பொருந்துகிறது. சொற்பட்டியலில் விளக்கக் குறிப்புச் சேர்ப்பதாயின், உள்நாட்டுப் பட்டமாயினும் வெளிநாட்டுப் பட்டமாயினும் பணம் கட்டுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும், தொழிற்கல்விப் பாடநெறியாயின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடமும் நிறுவனத்தின் நிலையைக் கேட்டறியலாம் என்ற வரியையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘விலைப்பட்டகம்’ என்று சுருக்கலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு; அதைப் பற்றி இலக்கணம் அறிந்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.