புதுப்பிப்பு: குழந்தையின் உடலில் நீர் கோத்ததற்குக் காரணம் தெரிந்தது

22ஆவது வார ஸ்கேனில் வயிற்றிலுள்ள என் குழந்தைக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கோத்திருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். ஆர்எச் பொருத்தமின்மையா (தாயின் ரத்தம் நெகட்டிவாகவும் குழந்தையுடையது பாசிட்டிவாகவும் இருந்து ஒத்துப்போகாத நிலை) என்று பலர் கேட்டீர்கள். இல்லை, என் ரத்தம் பாசிட்டிவ். குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் என் ரத்தத்தில் உண்டா என்று பார்க்கும் ஆன்டிபாடி சோதனையிலும் ஒன்றுமில்லை.

பார்வோவைரஸ் பி19 தொற்றுதான் காரணம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும் இது, குழந்தையின் சிவப்பணு உற்பத்தியையே முடக்கிவிடுகிறது. ரத்தசோகை முற்றி, இதயம் திணறி, நீர் கசிகிறது. குழந்தையின் மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் என்ற ஸ்கேனில் அளந்தே சோகையைக் கணித்தார்கள். வேகம் கூடினால் சோகை அதிகம்.

தொப்புள்கொடி வழியாக ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றினார்கள். ஊசி இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மூன்று வாரமாகிறது. நெஞ்சில் நீர் இல்லை, வயிற்றில் கொஞ்சம் மிச்சம். வற்ற வாரக்கணக்காகுமாம். அடுத்த டாப்ளர் வியாழக்கிழமை.