சிமுலேட்டர் சவாரியில் ஏறலாமா? பயணக் குமட்டல் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன், வயது 38. வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு கொச்சியில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்கிறோம். அங்கே பெரிய திரைக்கு முன்னால் இருக்கைகள் சாய்ந்தும் குலுங்கியும் ஆடும் சிமுலேட்டர் சவாரியில் நானும் உடன் அமர வேண்டும் என்று என் ஒன்பது வயது மகள் பிடிவாதமாக இருக்கிறாள்.

எனக்குச் சிறு வயது முதலே பயணக் குமட்டல் உண்டு. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்குப் பேருந்தில் ஏறினால் நாலைந்து வளைவுகளுக்குள் கொட்டாவி வரும், வாயில் நீர் ஊறும், பிறகு பையைத் தேட வேண்டியதுதான். அதே சாலையில் நானே கார் ஓட்டினால் ஒன்றும் ஆவதில்லை. ராட்டினம்கூட ஒத்துக்கொள்கிறது. ஆனால் சென்ற ஆண்டு ஒரு பொருட்காட்சியில் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியை மூன்றே நிமிடம் மாட்டியதற்கு நெற்றி வியர்த்து, இரண்டு மணி நேரம் தலை சுற்றியது. கண் அசைவைக் காண, காதின் உட்பகுதியோ உடல் அசையவில்லை என்று உணர்த்தும் முரண்பாடே காரணம் என்பது புரிகிறது. இருக்கையும் சேர்ந்து ஆடினால் அம்முரண்பாடு குறையுமா, கூடுமா என்பதுதான் பிடிபடவில்லை.

எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தேன், இஞ்சி மொரப்பா தின்றேன், முன் இருக்கையில் அமர்ந்தேன்; பேருந்தில் ஓரளவு உதவின. டைமென்ஹைட்ரினேட் மாத்திரை குமட்டலை அடக்குகிறது, ஆனால் அரை நாள் தூங்கவைத்துவிடுகிறது.

என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர்கள் இத்தகைய சவாரியில் அமர்ந்திருந்தால், இடையில் குமட்டியபோது கண்ணை மூடிக்கொண்டது உங்களுக்குப் பலன் தந்ததா?