புதுப்பிப்பு: நூற்பாலைப் பங்கு மலிவு என்ற என் கணக்கில் ஒரு திருத்தம்

சேலத்துப் பக்கமுள்ள ஒரு நூற்பாலையின் பங்கு 84 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நிகரச் சொத்து மதிப்போ (கடன்கள் போக மிஞ்சும் சொத்து) பங்குக்கு 140 ரூபாய், ஆகவே இது மலிவு என்று சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். அந்த முடிவைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆண்டறிக்கையின் பின்பகுதியிலுள்ள குறிப்புகளைப் பொறுமையாகப் படித்தபோது, அந்த 140 ரூபாயில் 52 ரூபாய், ஆலை நிலத்தை மறுமதிப்பீடு செய்ததால் கணக்கேட்டில் மட்டுமே ஏறிய தொகை, அதாவது மறுமதிப்பீட்டுக் கையிருப்பு, என்று தெரிந்தது; அது ரொக்கமல்ல. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் நிகர மதிப்பை வரையறுக்கும்போது மறுமதிப்பீட்டுக் கையிருப்பைச் சேர்ப்பதில்லை; நான் நம்பிய பங்கு விவரச் செயலியோ எல்லாவற்றையும் கூட்டிப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறது. இன்னும் 11 ரூபாய், முன்பு வேறொரு ஆலையை வாங்கியபோது அதன் சொத்து மதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்த நற்பெயர் மதிப்பு (goodwill). இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 77 ரூபாய். 84 ரூபாய் விலை அதற்கு ஏறத்தாழ 1.09 மடங்கு; அதாவது மலிவில்லை. சேலத்து வெள்ளிக் கடைகள் உள்ள செவ்வாய்ப்பேட்டையில் பழைய கொலுசை விற்கப் போனால் கழிவு போகத்தான் கணக்குப் பார்ப்பார்கள் என்று அறிந்த ஊர்க்காரனே இதில் ஏமாந்தேன்.

நிலம் பொய்யில்லையே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். உண்மைதான், ஆனால் ஆலை ஓடும்வரை அது விற்பனைக்கு வராது, மூடி விற்றாலும் தொழிலாளர்களுக்குச் சேரவேண்டியதும் வரியும் போன பிறகே பங்குதாரர் முறை வரும். தவிர, பங்குக்கு 4 ரூபாய் லாபம் என்பது 77 ரூபாய்க்குச் சுமார் 5 விழுக்காடுதான். இவ்வளவே ஈட்டும் சொத்துக்குச் சந்தை 140 ரூபாய் என்ற முழு விலை தரத் தயங்குவதில் வியப்பில்லை.

என்னிடமுள்ள 200 பங்குகளை விற்கவில்லை; புதிதாக வாங்கவும் இல்லை.