தாலி கட்டிய பிறகு கெட்டிமேளம்: வீடியோ மாற்ற உதவி தேவை

நியூ ஜெர்சியின் எடிசன் நகரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம், 2005 அக்டோபர் 12-ல், ஆப்பிள் வீடியோ ஐபாட் அறிவித்தபோது, "இத்தனூண்டு திரையில் எவன் படம் பார்ப்பான்? ஒரு டி.வி. எபிசோடுக்கு 1.99 டாலரா?" என்று சிரித்தவன் நான். இப்போது வேறொரு கம்பெனியின் 20 ஜிபி கையடக்க வீடியோ பிளேயரை வாங்கிக்கொண்டு, தங்கை கல்யாண வி.சி.டி.யை (வீடியோ சி.டி.) அதில் ஏற்ற இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன்.

வி.சி.டி. ஊரில் எடுத்தது: எம்பெக்-1 என்ற வீடியோ வடிவம், 352×288 புள்ளி அளவு, விநாடிக்கு 25 ஃபிரேம் (படம்). பிளேயர் கேட்பது எம்பெக்-4 வடிவில் ஏ.வி.ஐ. ஃபைல், 320×240. மாற்றினால் முதல் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு சத்தம் மெல்லப் பின்தங்குகிறது. தாலி கட்டி, அட்சதையும் விழுந்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கிறது!

இரண்டு கன்வர்ட்டர் (வடிவம் மாற்றும் மென்பொருள்) மாற்றிப் பார்த்தேன். பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு ஓடும் டேட்டா அளவை, 768 கிலோபிட்டிலிருந்து 500-க்குக் குறைத்தேன். பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரும் புதுப்பித்தாயிற்று. மாற்றிய ஃபைலைக் கணினியில் ஓட்டினாலும் இதே கதை, அதனால் பிளேயர் மேல் தப்பில்லை. இரண்டு கன்வர்ட்டரும் நான் கேட்காமலே விநாடிக்கு 29.97 ஃபிரேம் (அமெரிக்க டி.வி. கணக்கு) ஆக்கிவிடுகின்றன, அதில்தான் சந்தேகம்.

25 ஃபிரேமை அப்படியே வைத்து, சத்தம் விலகாமல் மாற்றித் தரும் இலவச மென்பொருள் எது?