ஊர்ப் பெண்களிடம் மார்பகப் பரிசோதனை பற்றி எங்கே, எப்படிப் பேசுவது?

செவிலியர் கல்லூரி மூன்றாமாண்டு மாணவி, மதுரை:

அனைவருக்கும் வணக்கம். சமுதாய நலப் பயிற்சிக்காக எங்களில் எட்டுப் பேரை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். மார்பக நலம் குறித்துப் பேசுவது என் பொறுப்பு. சென்ற வாரம் மந்தையில் வேப்பமரத்தடியில் பெண்களைக் கூட்டி, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினேன். முதல் படத்திலேயே இருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் படம் வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எதிர் டீக்கடையில் இருந்த ஆண்கள்தான் கடைசிவரை கேட்டார்கள். கிளம்பும்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்து, அக்குளுக்குக் கீழே தொட்டுக் காட்டி, "இது பால்கட்டு மாதிரிதானே பாப்பா, வலியே இல்லையே" என்றார். நர்சம்மாவைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை மறுபடியும் போக வேண்டும். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:

மகளுக்கு வணக்கம். கூட்டத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்த அம்மாவின் விஷயத்தில் வியாழன்வரை காத்திருக்காமல், அந்த ஊரின் செவிலியருக்கு இன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஐம்பது வயதில் பால்கட்டுக்கு வழியில்லை. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பது உண்மைதான். ஆனால் வலி இல்லை என்பதை வைத்து ஒரு கட்டியைச் சாதாரணமானது என்று சொல்லிவிட முடியாது.

மந்தை ஆண்கள் உட்காரும் இடம். அங்கே இந்தப் பேச்சு எடுபடாது. நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்குப் போய், அவர்கள் தூக்குவாளியைத் திறக்கும் நேரத்தில் கூடவே உட்காருங்கள். அல்லது மகளிர் குழுவில் தவணைப் பணம் எண்ணி முடித்த பிறகு, குழுத் தலைவி வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். படங்களும் வேண்டாம். பழைய பனியன் துணியில் பஞ்சடைத்துக் கைக்கு அடங்கும் ஒரு பை தைத்து, உள்ளே ஆழத்தில் ஒரு புளியங்கொட்டையையும் ஓரத்தில் ஒரு தட்டைப்பயறையும் ஒளித்துவையுங்கள். முதலில் எல்லோரும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து ஒன்றுமில்லை என்பார்கள். நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், முதலில் மெதுவாக, பிறகு சற்று அழுத்தி, பிறகு ஆழமாக என்று சிறு வட்டமாகத் தடவச் சொன்னால் கொட்டை தட்டுப்படும். என் அனுபவத்தில், அதைக் கண்டுபிடித்தவரே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

செவிலியர் கல்லூரி ஆசிரியை:

மேலே அக்கா எழுதியதில் பை மிக நல்ல யோசனை. ஆனாலும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தாமே தடவிப் பார்த்தால் உயிர் பிழைத்துக்கொள்ளலாம் என்று மாணவிகள் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. சீனாவில் ஷாங்காய் நகரத்து ஆலைகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தி 2002இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் இடையே இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, மும்பையில் 1998இல் டாடா நினைவு மருத்துவமனை தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை தம் கையாலேயே பரிசோதித்துவந்ததில், நோய் முற்றுவதற்கு முன்பே கண்டறியப்பட்டது. 50 வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஆகவே அந்தப் பையால் கிடைக்கும் பயன், தன் உடம்பில் எது வழக்கம், எது புதிது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவருவதுதான்; அதற்கு அடுத்த படி பயிற்சி பெற்ற ஒருவரின் கைப் பரிசோதனை. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. கட்டி மட்டுமல்லாமல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, இரத்தக் கசிவு, தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிவது ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

பேரையூர்ப் பக்கத்துப் பெண்:

என் அம்மாவுக்குக் கட்டி இருப்பது தெரியாமல் போகவில்லை. தெரிந்தே ஏழு மாதம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினார். அது உண்மையல்ல என்று எடுத்துச் சொல்ல அப்போது ஆள் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், ஒரு நாள் கூலி போகும், மதுரைக்குத் துணைக்கு வர ஆளில்லை, பரிசோதிப்பவர் பொம்பளை டாக்டரா என்பதும் தெரியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் பீரோவுக்குள்தான் இருந்தது. இந்த நோய்க்கும் அது செல்லும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குப் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்கபுரத்தில் இருக்கிறது என்பதை யாராவது முன்கூட்டியே சொன்னால் பாதி அலைச்சல் குறையும். தங்கச்சி, நோயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால், போகும் வழியைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள். பேருந்து, அட்டை, கேட்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

மாணவி:

மூவருக்கும் நன்றி. நர்சம்மாவிடம் பேசிவிட்டேன். அந்த அம்மாவை நாளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகிறார். எங்களில் ஒருத்தியும் துணைக்குப் போகிறாள். விடுதியில் நேற்றிரவு பை தைத்தோம். புளியங்கொட்டையை உடனே கண்டுபிடித்துவிட்டேன், தட்டைப்பயறை மட்டும் இரண்டு முறை தவறவிட்டேன்.