அவருக்கு ஒன்று, எனக்கு ஐந்து

கல்யாணமாகி 19 வருஷம். அதில் 17 வருஷம் வண்டியிலேயே போயிருக்கிறது. நானும் வீட்டுக்காரரும் கிறிஸ்தவ சபைகளிலும் கன்வென்ஷன் கூட்டங்களிலும் பாடுகிறவர்கள். "உங்களுக்குள்ள சண்டையே வராதா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். வரும். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் தவறாமல் வரும்.

பாதிச் சண்டை சுருதியில்தான். குரலின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம்: அவருக்கு ஒரு கட்டை, எனக்கு ஐந்து. சேர்ந்து பாட மூன்றில் வைத்தால் பல்லவியில் நான் முனகுவேன், சரணத்தில் அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். பல வருஷம் நானேதான் அவர் கட்டைக்கு இறங்கிப் பாடினேன். ஒருநாள் பதிவைப் போட்டுக் கேட்டால் அதில் என் குரலையே காணோம். அன்றைக்கு வீட்டில் பெரிய பேச்சு. இப்போது பல்லவி அவர் கட்டையில். கடைசிச் சரணத்துக்கு முன் ட்ராக், அதாவது பதிவு செய்து வைத்த பின்னணி இசை, என் கட்டைக்கு ஏறும், அவர் கீழே இரண்டாம் குரல் எடுப்பார். அந்த இடத்தில் ஜனங்கள் கை உயர்த்துகிறார்கள். ஆவியானவரின் அபிஷேகம் என்கிறார்கள். நாங்கள் மறுத்துப் பேசுவதில்லை.

ஒருமுறை வழியில் பேச்சு முற்றி, மூன்று மணி நேரம் இருவரும் வாய் திறக்கவில்லை. அவர் மூச்சு இழுக்கும்போது இடது தோள் லேசாக ஏறும். அதைப் பார்த்துத்தான் நான் வரியை எடுப்பேன். அன்றைக்குப் பிடிவாதமாக முன்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வரியிலேயே பிந்தினேன். அவர் நிறுத்தி எனக்காகக் காத்திருந்தார். ட்ராக் காத்திருக்குமா? அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தாமஸ் டார்சியைப் பலருக்குத் தெரிந்திருக்கும், அமெரிக்காவில் ப்ளூஸ் பியானோவிலிருந்து காஸ்பல் என்ற கிறிஸ்தவப் பாட்டுக்கு வந்தவர். 1932 ஆகஸ்டில் நிறைமாத மனைவியை சிகாகோவில் விட்டுவிட்டு, செயின்ட் லூயிஸில் எழுப்புதல் கூட்டத்துக்குப் போனார். அங்கே தந்தி வந்தது, மனைவி இறந்துவிட்டார் என்று. குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய பாட்டை உலகமே பாடுகிறது. எனக்கு மட்டும் பாட்டுக்கு முன்னால் தந்திதான் ஞாபகம் வரும். எங்கள் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, கடைசி இரண்டு மாதம் வீட்டுக்காரர் எந்தக் கூட்டமும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊழியமா, குடும்பமா பிரதர்?" என்று ஒரு ஏற்பாட்டாளர் கேட்டார். இவர் போனை வைத்துவிட்டார்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கூட்டங்களில் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்காருகிறவன். ஜோடியாகப் பாட வருகிறவர்களை சவுண்ட் செக்கிலேயே கணித்துவிடலாம், யார் மைக்கை யார் கூட்டச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

அறுபதைத் தாண்டிய ஒரு ஜோடி மறக்கவில்லை. ஐயா மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா கேக்குது தம்பி" என்றார். கொஞ்ச நேரத்தில் அம்மா தனியாக வந்தார். "அவருக்கு வலது காது கேக்காது. மானிட்டரை இடது பக்கம் தள்ளி வைங்க. நான் சொன்னதா காட்டிக்காதீங்க." மானிட்டர் என்றால் பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர். மைக்குக்கு நேர் பின்னால் இருந்தவரை சாதுவாக இருந்த அது, பக்கவாட்டுக்கு வந்ததும் ஊளையிட ஆரம்பித்தது. ட்ரெபிளைக் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்தேன். என்னத்துக்கு இடம் மாற்றினாய் என்று ஐயா கேட்டார். ஒயர் எட்டவில்லை என்றேன்.

பாட்டு முழுக்க அம்மா அவருக்கு இடது பக்கமே நின்றார்.

*

நான் இப்படி ஊர் ஊராகப் பாடப் போகிற ஒரு வீட்டுப் பிள்ளை. வீட்டுப்பாடம் பின்சீட்டில், தூக்கம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூட சிடி மேசையில் சில்லறை எண்ணியிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, சொல்லிவிடுகிறேன்.

காணிக்கைக் கவரை அப்பா தொடமாட்டார். வண்டி கிளம்பி, தெருவிளக்கெல்லாம் பின்னால் போன பிறகு அம்மாதான் பிரிப்பார். ஒருமுறை உள்ளே வாழ்த்து அட்டை மட்டும் இருந்தது. எவ்வளவு என்று அப்பா கேட்டதே இல்லை, அம்மா சொன்னதும் இல்லை. அம்மா மெதுவாக ராகம் இழுத்தால், அடுத்த பங்க்கில் டாங்க் நிரம்பும். சும்மா இருந்தால் அப்பா கையை நீட்டி ஏசியை அணைப்பார்.