அமெரிக்கக் குகைக்குப் போன பூட்ஸ், நம் கோயில் வௌவால்: வெண்மூக்கு நோய் தொற்றுமா?

வெண்ணாறு:
பென்சில்வேனியாவில் இருக்கும் அக்கா மகன் அங்கே குகைகளுக்குள் இறங்கிப் பழகியவன். தை மாதம் நீடாமங்கலம் வருகிறான். எங்கள் சிவன் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் வௌவால் நிறைய. மேலே ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறான். அங்கே வெண்மூக்கு நோயைக் கொடுத்து வௌவால்களை அழிக்கும் பூஞ்சை இவன் பூட்ஸோடு வந்துவிடுமா? திருப்பணிக் குழுவில் ஒருவர், "முன்கூட்டியே பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்துவிடலாம்" என்கிறார். அடிக்கலாமா?

கொள்ளிடக்கரை:
அடிக்க வேண்டாம் சார். அது குளிரில் மட்டும் வளரும் பூஞ்சை. பெயர் சூடோஜிம்னோஆஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ். சுமார் 12 முதல் 16 டிகிரி செல்சியஸில் செழிக்கும், 20 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். அமெரிக்க வௌவால்கள் குளிர்காலம் முழுக்கக் குகையில் உறங்கும்போது உடல் சூடு குகையின் குளிருக்கே இறங்கிவிடும், நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் பூஞ்சை மூக்கிலும் சிறகுத் தோலிலும் ஊடுருவும். சிறகு வழியே நீர்ச்சத்து போகும், வௌவால் அடிக்கடி விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு விழிப்புக்கும் சேர்த்து வைத்த கொழுப்பு எரியும். வெளியே பனி, தின்னப் பூச்சி கிடையாது, பட்டினியில் சாகும். 2006-ல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் எடுத்த படத்தில்தான் முதல் தடயம். அதன்பின் சின்னப் பழுப்பு வௌவால் உட்பட மூன்று இனங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டது. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி என்பதால் மீள்வது மிக மெதுவாகத்தான் நடக்கும்.

நம் வௌவால்கள் அப்படி மாதக்கணக்கில் உறங்குவதில்லை. கோபுரத்துச் செங்கல்லும் கல்லும் பகல் சூட்டைப் பிடித்துவைத்திருப்பதால் தை மாதத்திலும் உள்ளே அந்தக் குளிர் வராது.

அரசலாறு:
அதற்காகக் கழுவாமல் வரலாம் என்றாகிவிடாது. அந்தப் பூஞ்சையின் வித்து மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தம்பி இங்கிருந்து இமயமலைப் பக்கமோ மேகாலயக் குகைகளுக்கோ போனால் கதையே வேறு. விமானம் ஏறும் முன் அங்கேயே முடிக்கச் சொல்லுங்கள்:

முதலில் பிரஷ் போட்டுச் சேறு முழுக்கப் போக வேண்டும். சேறு ஒட்டியிருந்தால் அதற்குள் சூடு இறங்காது. பிறகு 55 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் 20 நிமிடம் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்: துணியைப் போட்டதுமே நீர் ஆறிவிடும், பூட்ஸ் மிதக்கும். 60-ல் தொடங்கி, மேலே கனம் வைத்து, தெர்மாமீட்டரால் அடிக்கடி பார்த்து, குறைந்தால் வெந்நீர் சேர்க்க வேண்டும். கை பொறுக்கிற சூடு போதாது. மூழ்கடிக்க முடியாத டார்ச், கேமராவை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம்.

வெண்ணாறு:
கயிறு, ஹார்னஸ் (இடுப்பில் மாட்டும் வார்)? அவற்றுக்கு பிளீச் போடலாமா?

அரசலாறு:
கூடாது. பிளீச் நைலான் கயிற்றின் பலத்தைத் தின்றுவிடும், ஆள் தொங்கும் கயிறு அது. குகைக்குப் போன கயிற்றைக் கொண்டே வர வேண்டாம். கோபுரத்துக்கு இங்கே வாங்கிய செருப்பும் உடுப்பும் போதும்.

நாற்றங்கால்:
எனக்குக் கவலை திருப்பணியைப் பற்றித்தான். மூடிய கோபுர நிலைக்குள் பிளீச்சிங் பவுடரின் குளோரின் நெடி ஏறினால் வௌவால்கள் பகலில் சிதறி வெளியேறும், காக்கையும் பருந்தும் பிடிக்கும். இன்னும் பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளேயே சாகும். இரவெல்லாம் வயல்மேல் பூச்சி பிடிக்கும் உயிர்கள் இவை.

பூச்சு வேலைக்காக ஒரு நிலையைக் காலி செய்தே ஆக வேண்டுமென்றால், குட்டி இல்லாத சமயமாகப் பாருங்கள். தாயின் வயிற்றில் ஒட்டிய குட்டியோ, தனியாகத் தொங்கும் ரோமமில்லாத குட்டியோ தெரிந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். பிறகு வாசல் துளைக்கு மேலேயும் பக்கங்களிலும் வலையை இறுக்கி, அடிப்பக்கம் மட்டும் தளர்வாகத் தொங்க விடுங்கள். வெளியே நழுவி வரும், திரும்ப நுழையாது. வலைக்கண் 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிறகு சிக்கும். ஒரு வாரம் அந்தியில் நின்று பார்த்து, ஒன்றும் வெளியேறவில்லை என்றான பிறகே அடையுங்கள். அடுத்த நிலையைத் திறந்தே விடுங்கள், அங்கே ஒண்டிக்கொள்ளும்.

எச்சத்தை உலர்ந்தபடி சுரண்டக் கூடாது. அந்தத் தூசியில் மனித நுரையீரலைத் தாக்கும் வேறொரு பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, என்95 முகக்கவசத்தோடு அள்ள வேண்டும். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடுக்க வேண்டாம் என்று கொத்தனார்களுக்கும் சொல்லிவையுங்கள். கடிபட்டால் உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, ரேபிஸ் ஊசிக்கு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.